ஆடை துறந்த யோகியும் ஆடையணிந்த சூஃபியும்

புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களுள் ஒன்றான வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து அன்னை திருத்தலமும் சுல்தான்பேட்டைப் பள்ளிவாசலும் அருகருகே உள்ளன. சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரைச் சுற்றியும், தெற்கே பாகூர் வரையிலும், சித்தர்களும் பரதேசிகளும் அடக்கமானதாகக் கருதப்படும் சிறு பீடங்கள் ஆங்காங்கே காணப்படுகின்றன. சித்தர்களைப் பற்றி வழங்கும் வாய்மொழிக் கதைகளில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வரும். அவர் கோவணம் மட்டும் உடுத்தியிருந்தார், அல்லது அதுவுமின்றி யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பதே அது.

ஒரு முஸ்லிம் வாசகர் இச்செய்தியை எவ்வாறு எதிர்கொள்வது? உடல் மறைத்தல் நமக்குக் கடமை. தொழுகையின் நிபந்தனைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் ஆடை துறந்த துறவியரோடு ஆயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் இந்நாட்டில் அண்டை அயலாராக வாழ்ந்துள்ளனர். அவர்களுடைய நூல்களை மொழிபெயர்த்தனர், அவர்களோடு உரையாடினர், ஒருமுறை, நம்மவரேயான ஓர் ஆடையற்ற ஞானியின் தலையையும் கொய்தனர். இவ்வரலாற்றை ஒருசேரப் பார்த்தால், யோகம் குறித்து இன்று நம்மிடையே எழும் விவாதங்களுக்கும் சிறிது தெளிவு கிடைக்கும்.

1. பாவம் படிந்த ஆடை

முதலில் மக்காவிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஆடையின்றி வழிபடும் வழக்கத்தை இஸ்லாம் முதன்முதலாகச் சந்தித்தது இந்தியாவில் அன்று. கஅபாவின் முற்றத்திலேயே ஆகும்.

அறியாமைக் காலத்தில் குறைஷியரும் அவர்களைச் சார்ந்தோரும் ‘ஹும்ஸ்’ எனத் தம்மை அழைத்துக்கொண்டனர். வெளியூரிலிருந்து வரும் அரபியர் தங்கள் சொந்த ஆடையுடன் கஅபாவை வலம் வரலாகாது என்பது அவர்கள் வகுத்த விதி. ஹும்ஸ் குலத்தார் ஒருவரிடமிருந்து ஆடை பெறவேண்டும். கிடைக்காவிடில் ஆணும் பெண்ணும் ஆடையின்றியே தவாபு செய்தனர். நாம் பாவம் செய்தபோது உடுத்தியிருந்த துணியோடு இறைவனின் இல்லத்தைச் சுற்றுவதா என்பது அவர்கள் கூறிய காரணம். இக்காரணத்தை ஊன்றி நோக்கவேண்டும். அதில் காமமோ களியாட்டமோ இல்லை. உலகத்தின் அழுக்கு ஆடையில் ஒட்டியுள்ளது, அதைக் களைந்தால் தூய்மை வரும் என்ற எண்ணமே உள்ளது. உலகெங்கும் ஆடை துறந்த துறவியர் பலரின் எண்ணமும் ஏறத்தாழ இதுவே.

திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம் இதற்கு விடையளிக்கிறது. ஆடையை இறைவன் மனிதனுக்கு இறக்கியருளிய கொடை என்று 26-ஆம் வசனம் அறிமுகப்படுத்துகிறது; இறையச்சம் என்னும் ஆடை அதனினும் மேலானது என்றும் உணர்த்துகிறது. 31-ஆம் வசனம் ஆதமின் மக்கள் அனைவரையும் விளித்து, தொழும் இடந்தோறும் தம் அலங்காரத்தை அணிந்துகொள்ளுமாறு பணிக்கிறது. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் அபூபக்ர் (ரலி) தலைமையில் ஹஜ் நடந்தபோது, இனி எவரும் ஆடையின்றிக் கஅபாவை வலம் வரலாகாது என்ற அறிவிப்பு அலீ (ரலி) முதலியோரால் மக்களுக்கு எடுத்துரைக்கப்பட்டது.

இஸ்லாம் வழக்கத்தை நீக்கியதோடு நின்றுவிடவில்லை. அவ்வழக்கத்துக்குள் இருந்த தேட்டத்துக்கும் இடமளித்தது. ஹாஜி தம் செல்வநிலையைக் காட்டும் உடைகளைக் களைந்து, தைக்கப்படாத இரண்டு துணிகளை அணிகிறார். அரசனும் ஏவலனும் அங்கே ஒரே தோற்றத்தில் நிற்கின்றனர். உலகைக் கழற்றி வைக்கலாம், நாணத்தைக் கழற்றவேண்டியதில்லை என்பதை இஹ்ராம் செயலால் கற்பிக்கிறது.

தனிமையில் என்ன நிலை என்பதையும் அறிஞர்கள் ஆராயாமல் விடவில்லை. தனித்து ஆடையின்றிக் குளிப்பது பற்றி இமாம் புகாரி தம் தொகுப்பில் ஒரு தலைப்பே அமைத்துள்ளார். மூஸா (அலை), அய்யூப் (அலை) ஆகியோர் தனிமையில் ஆடையின்றிக் குளித்த செய்திகள் அங்கே இடம்பெறுகின்றன. எனினும் மறைத்துக்கொள்வதே மேல் என்பதையும் அத்தலைப்பு சுட்டுகிறது. பார்ப்பார் இல்லாத இடத்திலும் இறைவனிடம் நாணம் கொள்வது சிறந்தது என்ற நபிமொழி இதற்கு அடிப்படை. ஆணுக்கு மறைக்கவேண்டிய பகுதி தொப்புள் முதல் முழங்கால் வரை என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. ஆகவே, நம் மரபில் ஆடை என்பது பிறர் பார்வைக்கு இடும் திரை மட்டுமன்று; படைத்தவன் முன் அடியான் கொள்ளும் ஒழுக்கமும் ஆகும்.

2. பாகூருக்குத் தெற்கே ஒரு பழைய பள்ளி

இனி, நம் மண்ணுக்கு வருவோம். பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணையைக் கடந்தால் கடலூரை அடுத்துத் திருப்பாதிரிப்புலியூர் உள்ளது. பழங்காலத்தில் பாடலிபுரம் எனப்பட்ட இவ்வூரில் புகழ்பெற்ற சமணப் பள்ளி ஒன்று இயங்கிற்று. கி.பி. 458-இல் சர்வநந்தி என்னும் முனிவர் ‘லோகவிபாகம்’ என்ற உலக அமைப்பு நூலைப் படியெடுத்து முடித்த இடம் இதுவே என ஆய்வாளர் கொள்வர். 7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர், சைவத்துக்குத் திரும்புமுன், தருமசேனர் என்ற பெயருடன் இப்பள்ளியில்தான் தலைமை பெற்று விளங்கினார் என்பது பெரியபுராணச் செய்தி.

திகம்பரர் என்பதற்குத் திசைகளையே ஆடையாகக் கொண்டவர் என்பது பொருள். எப்பொருளையும் தனதென்று கொள்ளாமையே சமண முனிவரின் பெருநோன்பு. ஒரு துண்டுத் துணியேனும் இருந்தால் அதைத் துவைக்கவேண்டும், காக்கவேண்டும், இழந்தால் வருந்தவேண்டும். ஆகவே அதுவும் பற்றே என்பது அவர்களின் வாதம். இத்துறவியரைச் சைவ சமயக் குரவர் தம் பதிகங்களில் கடுமையாக எள்ளினர். அவ்வெள்ளலில் ஆடையின்மைக்குத் தனி இடம் உண்டு. தமிழில் ‘அம்மணம்’ என்ற சொல்லே ‘அமணம்’ என்பதிலிருந்து பிறந்தது என்று சொல்லாய்வாளர் கூறுவர். ஒரு சமயத்தாரின் உயர்ந்த நோன்பு, காலப்போக்கில், மற்றவர் வாயில் வெறும் வசைச்சொல்லாகத் தேய்ந்த கதை இது. அயலார் சமயத்தை அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டு அளப்பதன் விளைவு எத்தகையது என்பதற்கு நம் மொழியே சான்று கூறுகிறது.

3. அல்பிரூனி கண்ட பதஞ்சலி

அலெக்சாந்தரின் படையோடு கி.மு. 326-இல் தட்சசீலம் வந்த கிரேக்கர்கள், வெயிலில் ஆடையின்றி அசையாது நின்ற துறவிகளைக் கண்டு வியந்து, ‘ஆடையற்ற ஞானியர்’ என்று பெயரிட்டனர். அன்றுமுதல் மேல்நாட்டார் கண்ணுக்கு இந்திய யோகி என்றால் ஆடையில்லாதவர் என்றே ஆயிற்று. முஸ்லிம் அறிஞர்களுள் தலைசிறந்தவரான அல்பிரூனி வேறு வழியில் சென்றார். அவர் தோற்றத்தைப் பார்த்து நின்றுவிடாமல் நூலைத் தேடினார்.

கஸ்னவி சுல்தான் மஹ்மூதின் காலத்தில் வாழ்ந்த அவர், சமஸ்கிருதம் கற்று, பதஞ்சலியின் யோக சூத்திரத்தை ஓர் உரையுடன் சேர்த்து, வினா விடை வடிவில் அரபியில் தந்தார். 1030-இல் நிறைவுற்ற தம் ‘கிதாபுல் ஹிந்த்’ நூலிலும் அதனைக் குறிப்பிடுகிறார். இவ்வரபு நூலின் பிரதியொன்று இஸ்தான்புல்லில் கிடைத்து, ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ரிட்டரால் 1956-இல் பதிப்பிக்கப்பட்டது.

பதஞ்சலி கூறும் எட்டு உறுப்புகளில் ஒழுக்கக் கட்டுப்பாடுகள் முதலில் வருகின்றன. இருக்கை நிலைத்ததாகவும் இனிதாகவும் இருக்கவேண்டும் என்பதற்குமேல் ஆசனம் பற்றி அந்நூல் மிகுதியாகப் பேசுவதில்லை. ஆடை களைவது அதில் ஒரு விதியாக எங்குமே இல்லை. யோகம் வேறு; ஆடை துறத்தல் வேறு. முன்னது மனத்தை அடக்கும் பயிற்சி. பின்னது உடைமை துறக்கும் நோன்பு. சில துறவியர் இரண்டையும் ஒருங்கே மேற்கொண்டதால் காண்போர் அவற்றை ஒன்றெனக் கருதினர். இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் பின்வந்த சூஃபிகள் செய்ததன் பொருள் நமக்கு விளங்கும்.

4. குவாலியரிலிருந்து நாகூர்

‘அமிர்தகுண்டம்’ என்ற ஒரு ஹடயோக நூல் அரபியில் ‘ஹவ்ழுல் ஹயாத்’ என்றும், பின்னர் பாரசீகத்திலும் துருக்கியிலும் உருதுவிலும் வழங்கிற்று. காமரூபத்திலிருந்து வங்கத்தின் லக்னோதிக்கு வந்த ஒரு யோகி, காழி ருக்னுத்தீன் சமர்கந்தியுடன் வாதிட்டு, இஸ்லாத்தைத் தழுவி, அந்நூலை அவருக்குக் கற்பித்தார் என்று அதன் முன்னுரை கூறுகிறது. முன்னுரைக் கதை எவ்வாறாயினும், நூல் பரவியது வரலாறு. இதன் பிரதிகளை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் கார்ல் எர்ன்ஸ்ட்.

16-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஷத்தாரிய்யா நெறியின் பெரியார் குவாலியர் முஹம்மது கவ்ஸ் (மறைவு 1563) இதனைப் ‘பஹ்ருல் ஹயாத்’ எனப் பாரசீகத்தில் விரித்தெழுதினார். சுனார் மலைக் குகைகளில் பதின்மூன்று ஆண்டுகள் தவமிருந்தவர் அவர். ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் அவர் ஏற்றுக்கொண்டார். மந்திர ஒலிகளின் இடத்தில் இறைவனின் திருநாமங்கள் அமைந்தன. பிற்கால மன்னர் ஜஹாங்கீர் இளவரசர் சலீமாக அலகாபாத்தில் இருந்தபோது, சுமார் 1602-இல், இந்நூலின் ஒரு பிரதிக்கு ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஆசனங்களை முறையாகப் படங்களுடன் விளக்கும் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்றாகிய அது, இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. யோகம் செய்யும் முறையைப் படத்தோடு காட்டும் ஆரம்பகால நூல்களுள் ஒன்று, ஒரு சூஃபியின் பேனாவிலிருந்து வந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

தமிழ் முஸ்லிம்களுக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது ஆண்டகை இளமையில் குவாலியர் சென்று, இந்த முஹம்மது கவ்ஸ் அவர்களிடமே பாடம் பெற்றார் என்று நாகூர் வரலாற்று நூல்கள் ஒருமுகமாகக் கூறும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்கு அடுத்த ஊர் நாகூர். யோகிகளின் மூச்சுப் பயிற்சியை இறைதியானத்துக்குத் துணையாக்கிய ஒரு மரபின் ஆசான்வழி, நம் கடற்கரை வரை வந்துள்ளது.

அம்மரபின் வாசனையைத் தமிழ்ப் பாடலில் நுகர வேண்டுவோர் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபை நாடலாம். சுல்தான் அப்துல் காதிர் என்ற இயற்பெயருடைய அவர் (1792–1838), இளமையிலேயே இல்லறம் மறுத்து, திருப்பரங்குன்றம் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனிமைத் தவம் இருந்தார். பின் வடசென்னையில் வாழ்ந்து அங்கேயே அடங்கினார். குண்டலி, மூலாதாரம், பிராணாயாமம் எனச் சித்தர்களின் சொற்களெல்லாம் அவர் பாடல்களில் இயல்பாகப் பயில்கின்றன. ‘மனோன்மணிக் கண்ணி’ என்றும் ‘அகத்தீசர் சதகம்’ என்றும் பெயரிட அவர் தயங்கவில்லை. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். குப்பை மேட்டிலும் புதர்களிடையிலும் திரிந்த நிலையிலும், அவர் ‘மஸ்தான்’ எனப் போற்றப்பட்டாரே தவிர, ஆடை துறத்தலை ஒரு நெறியாக எவருக்கும் போதித்ததில்லை. கற்கத் தக்கதைக் கற்றுத் தன் வரம்பைத் தானே காத்தல் என்னும் நம் முன்னோர் வழிக்கு அவர் தமிழ் எடுத்துக்காட்டு.

5. ஸர்மதும் நெரூர்ச் சாமியும்

வரம்பை மீறியவரை என்ன செய்வது என்ற வினா இங்கே எழுகிறது. அதற்கு வரலாறு காட்டும் கசப்பான விடை ஸர்மத்.

பாரசீகத்தின் காஷானில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, வணிகராகச் சிந்துவின் தட்டா நகருக்கு வந்தவர் அவர். அங்கே அபய் சந்த் என்னும் இந்து இளைஞர்மீது கொண்ட அன்பில் தன்னை மறந்து, செல்வத்தோடு ஆடையையும் துறந்தார். ஹைதராபாத்தில் அவரைச் சந்தித்த ‘தபிஸ்தானே மதாஹிப்’ நூலாசிரியர், யூதரின் தவ்ராத் பகுதியொன்றை அவர்வழிப் பெற்றுத் தம் நூலில் சேர்த்தார். பின்னர் தில்லி சென்ற ஸர்மத், இளவரசர் தாரா ஷிகோவின் மதிப்பைப் பெற்றார். அரியணைப் போரில் தாரா தோற்று 1659-இல் கொல்லப்பட்டார். ஸர்மத் 1661 அளவில் தலை வெட்டப்பட்டார்.

அப்போது தில்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, நகர வீதிகளில் ஆடையின்றித் திரிந்த இம்மனிதரைத் தாம் வெறுப்புடன் நெடுநாள் கண்டதாகவும், ஆடை அணியுமாறு ஔரங்கசீப் அளித்த வாக்குறுதிகளுக்கும் அச்சுறுத்தலுக்கும் அவர் இணங்காததால் தலை துண்டிக்கப்பட்டதாகவும் எழுதினார். நம்மிடையே வழங்கும் செய்தி சற்று வேறானது. ஆடையின்மை மட்டும் மரண தண்டனைக்குப் போதாது என்பதால், கலிமாவை ஓதுமாறு கேட்டனர்; ‘இல்லை’ என்னும் முற்பகுதியோடு அவர் நிறுத்தினார்; நான் இன்னும் மறுப்பிலேயே மூழ்கியுள்ளேன், உறுதிப்பாட்டை எட்டாமல் பொய் சொல்வது எங்ஙனம் என்றார் என்பர். அவரது அடக்கவிடம் தில்லி ஜாமிஆ மஸ்ஜிதின் கிழக்குப் பக்கத்தில் உள்ளது; மக்கள் இன்றும் அங்கே செல்கின்றனர்.

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் தம் இளமையில் ஸர்மதைப் பற்றி ஓர் உருதுக் கட்டுரை எழுதினார். இந்தக் கொலையில் மார்க்கம் போர்வை, அரசியலே உள்ளுடல் என்பது அவர் கண்ட முடிவு. ஸர்மத் தாராவின் நண்பராக இல்லாதிருந்தால், தில்லியின் எண்ணற்ற ஃபகீர்களுள் ஒருவராகவே முதுமையடைந்து இறந்திருக்கக்கூடும். தன்னிலை இழந்தோர்மீது மார்க்கக் கடமை இல்லை என்பது சட்ட நூல்களின் பொது விதி. ‘மஜ்தூப்’ எனப்படும் ஈர்க்கப்பட்டோர் விஷயத்தில் சூஃபிகள் இதனையே கடைப்பிடித்தனர்: அவர்களைப் பின்பற்றவும் கூடாது, பழிக்கவும் கூடாது.

தமிழகத்திலும் இதையொத்த ஒரு கதை உண்டு. கரூரை அடுத்த நெரூரில் காவிரிக்கரையில் அடங்கிய சதாசிவப் பிரம்மேந்திரர் 18-ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படுபவர். அவர் வெறும் திரிபவர் அல்லர். பதஞ்சலியின் சூத்திரங்களுக்கு ‘யோக சுதாகரம்’ என்னும் உரை எழுதியவர். தன்னை மறந்த நிலையில் ஆடையின்றி நடந்த அவர், ஒரு முஸ்லிம் தலைவரின் அந்தப்புரக் கூடாரத்துள் புகுந்து கடந்தார் என்றும், சினங்கொண்ட தலைவர் அவர் கையை வெட்டினார் என்றும், அதனையும் உணராமல் அவர் நடந்துசென்றார் என்றும், அஞ்சிப் பின்தொடர்ந்த தலைவர் மன்னிப்பு வேண்ட, வெட்டுண்ட கை மீண்டும் பொருந்திற்று என்றும் கூறுவர்.

இக்கதையில் தலைவருக்குப் பெயர் இல்லை. கதைகளில் அது இயல்பு. வாளேந்திய முஸ்லிமாக நாம் இதில் வருவது நம் மனத்தை உறுத்தலாம். ஆனால் கதை வாளோடு முடியவில்லை என்பதையும் காணவேண்டும். அந்த முஸ்லிம் பின்தொடர்ந்து சென்று உபதேசம் கேட்கிறார். அண்டையர் நம்மைப் பற்றிச் சொன்ன கதையிலும், வருந்தவும் கற்கவும் தெரிந்தவராகவே நம்மை வைத்துள்ளனர். காஷ்மீரத்து முஸ்லிம்கள் ‘லல்லா ஆரிஃபா’ என்று போற்றும் 14-ஆம் நூற்றாண்டின் லல்லேசுவரியைப் பற்றியும் ஒரு கதை உண்டு. ஆடையின்றித் திரிந்த அந்த யோகினி, செய்யித் அலீ ஹமதானியை எதிரில் கண்டதும், இதோ ஓர் ஆண்மகன் வருகிறார் என்று நாணி ஓடி அடுப்பினுள் மறைந்தார் என்பர். அவர் அவளை ஆடை அணியுமாறு ஆணையிடவில்லை. மெய்யான மனிதர் முன் நாணம் தானே பிறந்தது என்பதே கதையின் கருத்து.

6. கந்தல் மூட்டை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பொருள் புது வடிவம் கொண்டது. 1891-இல் தாணேயில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் கிராஃபர்டு, ஆடையற்ற வாழ்வுக்கென ஒரு சங்கம் நிறுவினார், உறுப்பினர் மூவரே. பின்னர் மேற்கு நாடுகளில் பரவிய இயற்கை வாழ்வு இயக்கங்களின் தொடர்ச்சியாக, ஆடையின்றி ஆசனம் பயிலும் கூடங்கள்கூட அங்கே தோன்றின. இதற்கும் பழைய யோகியருக்கும் உள்ள தொடர்பு பெயரளவினதே. பழைய துறவி உடலை ஒரு பொருட்டாக எண்ணாமையால் ஆடையை விட்டார். புதியவர் தம் உடலைக் கூச்சமின்றி விரும்பக் கற்பதற்காக விடுகிறார். முன்னவர் காடும் சுடுகாடும் நாடினார். பின்னவர் கட்டணம் செலுத்தி வகுப்பில் சேர்கிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. நம் மார்க்கம் இரண்டையும் ஏற்கவில்லை எனினும், மறுக்கும் காரணம் இரண்டுக்கும் ஒன்றன்று.

2015 முதல் ஜூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படும் இக்காலத்தில், பள்ளிகளிலும் கொம்யூன் சமுதாயக் கூடங்களிலும் யோகப் பயிற்சி பரவியுள்ளது. சூரிய வணக்கம் முதலியவற்றில் நமக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதனை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் யோகம் முழுவதும் அயலானது, அருவருப்பானது என்று கூறுவோர் பஹ்ருல் ஹயாத்தையும் நாகூரையும் குணங்குடியையும் மறந்தவராவர். யாவும் ஒன்றே, வரம்பு எதற்கு என்போர் ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டின் அறிவிப்பை மறந்தவராவர்.

முடிவாகப் புதுச்சேரிக்கே திரும்புவோம். 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதியார், தம் ‘பாரதி அறுபத்தாறு’ நூலில் குள்ளச்சாமி என்னும் பரதேசியைப் பற்றிக் கூறுகிறார். அழுக்குக் கந்தல்களை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்துவந்த அவரைக் கண்டு கவிஞர் நகைத்துக் காரணம் கேட்க, நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே சுமக்கிறாய் என்ற பொருள்பட விடையிறுத்து அவர் ஓடிவிட்டாராம்.

புதுச்சேரியில் அந்தப் பரதேசி கூறிய சொல்லும், மக்காவில் ஆடையின்றி வலம் வந்தோர் கூறிய காரணமும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. ஆனால் எதிர்த்திசையில் செல்கின்றன என்று கூறத் தோன்றும். பின்னவர் பாவம் துணியில் இருப்பதாக எண்ணித் துணியைக் களைந்தனர். குள்ளச்சாமியோ, கந்தல் உள்ளே இருக்கிறது என்றார். ஆடையைக் காட்டிலும் இறையச்சம் என்னும் ஆடை மேலானது என்று கற்ற சமுதாயத்துக்கு இச்சொல் அயலானதன்று. நம் ஆடையை நாம் பேணுவோம். பிறர் ஆடையைக் கணக்கெடுக்கும் முன், உள்ளிருக்கும் மூட்டையை ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்போம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.